உப்புத் தண்ணீர்க் குடம்

கைப்பிடி மேலே போகும்போது மூச்சு உள்ளே வந்தது. கீழே அழுத்தும்போது தானாக வெளியே போனது. இதைப் பூங்கனி யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. அடிபம்பு அப்படித்தான். அதோடு மல்லுக்கட்டினால் தோள்பட்டைதான் வலிக்கும், அதன் போக்கில் விட்டால் அது நம்மைக் கூட்டிக்கொண்டு போகும். கிரீச், களக். கிரீச், களக். குழாய் ஒருமுறை விக்கியது, பிறகு தண்ணீர் குடத்துக்குள் விழுந்தது. வெறுங்குடத்தில் விழுகிற தண்ணீருக்கு ஒரு தடித்த குரல் உண்டு. குடம் நிறைய நிறைய அந்தக் குரல் மெலிந்துகொண்டே வரும், கடைசியில் ஒரு சின்னப் பிள்ளை குரல் மாதிரி ஆகிவிடும். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே அடித்தால் வேறு எதுவும் காதில் விழாது. தலைக்குள் இருக்கிறதும் விழாது. உப்புத் தண்ணீர்தான். வாயில் வைக்க முடியாது, சோப்புக்கூட நுரைக்காது. குடிக்க லாரியில் வேறு தண்ணீர் வரும். துணிக்கும் கக்கூசுக்கும் தரை துடைக்கவும் மட்டுந்தான் இந்தத் தண்ணீர். தூத்துக்குடி குவாட்டர்ஸில் இதற்காக யாரும் சண்டை போடுவதில்லை, வரிசை நின்றாலும் வாயாடத்தான் நிற்பார்கள். காலை வெயில் இன்னும் சுடவில்லை. கைப்பிடி இரும்பு ஈரமாக, குளிர்ச்சியாக இருந்தது. துறைமுகம் பக்கமிருந்து ஒரு கப்பல் சங்கு நீளமாக ஊதி நின்றது. இப்போது ஒன்றும் இல்லை, நெஞ்சு லேசாக இருக்கிறது, பயம் இல்லை என்று நினைத்தாள். நினைத்ததுதான் தப்பு. பேரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி அது திரும்பி வந்துவிட்டது. மேலே மூன்றாம் மாடியில் பாப்பா தூங்குகிறாள், சேலைத் தொட்டிலில். பக்கத்தில் அத்தை இருக்கிறாள். தொட்டிலுக்கும் வராண்டாச் சுவருக்கும் நடுவில் கதவு இருக்கிறது. கதவு சாத்தியிருக்கிறதா? சாத்திவிட்டுத்தான் வந்தாள். நான் இங்கே இருக்கிறேன், என் கை ரெண்டும் இங்கே இந்த இரும்பைப் பிடித்திருக்கின்றன, அப்புறம் என்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடி. இன்னும் அடி.

"என்னட்டி பூங்கனி, விடிஞ்சதிலேருந்து இதே நடையா நடக்க? ஒங்க வீட்டுல என்ன, யானை கீனை வளக்காகளா?" என்றாள் ரோஸ்லின் அக்கா. கீழ்வீட்டுக்காரி, வாய் ஓயாதவள். அவளுடைய குடங்கள் ஏற்கெனவே நிறைந்து மேடைமேல் உட்கார்ந்திருந்தன. போக மனமில்லாமல் நின்றிருந்தாள். "இல்லக்கா, துணி கெடக்கு" என்றாள் பூங்கனி. குரல் தொண்டையைத் தாண்டியதா என்று அவளுக்கே தெரியவில்லை. "துணி கெடக்கா! ஒங்க மாமியாரு கெடக்காகன்னு சொல்லு. பச்ச ஒடம்புக்காரிய மூணு மாடிக்குக் குடந் தூக்க விட்டுட்டு உள்ள உக்காந்து முறுக்கு கடிக்காகளாக்கும்?" பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். இல்லக்கா, அவுக வேண்டாம்னுதான் சொல்லுதாக, நானாத்தான் வாரேன் என்று சொல்லியிருக்க வேண்டும். வார்த்தைகள் எல்லாம் வரிசையாக வந்து பல்லுக்குப் பின்னால் நின்றன. நாலு பேர் பார்க்கும்போது அவளுக்கு வாய் வராது. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். விடை தெரிந்தும் எழுந்து நிற்கப் பயந்து, தெரியாத பிள்ளைகளோடு பெஞ்சிமேல் நின்றிருக்கிறாள். அஞ்சாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அதனால் இப்போதும் சும்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள் என்பது அவர்கள் உச்சுக்கொட்டியதில் தெரிந்தது. அந்தச் சிரிப்பு தனக்கு முன்னால் மாடியேறி அத்தையின் காதுக்குப் போய்விடும் என்பதும் தெரிந்தது. குடம் நிறைந்துவிட்டது. பிள்ளை குரல் நின்றுவிட்டது. குனிந்து தூக்கி இடுப்பில் வைத்தாள். இடுப்பில் குடம் உட்காரும் இடமும் பிள்ளை உட்காரும் இடமும் ஒன்றுதான். குடம் துள்ளாது. குடத்தைக் கீழே போட்டால் குடந்தான் உடையும்.

அந்த நினைப்பு முதலில் வந்தது ஒரு சாயங்காலம். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வராண்டாவில் நின்றிருந்தாள். கைப்பிடிச் சுவர் அவள் வயிற்று உயரந்தான். கீழே பையன்கள் பந்து விளையாடினார்கள், யார் வீட்டிலோ நெத்திலி வறுத்தார்கள், காற்று உப்புப் பிசுபிசுப்போடு வந்தது. பிள்ளை அழுகையை நிறுத்தி அவள் கழுத்தில் எச்சில் வடித்தது. அப்போது, யாரோ பக்கத்தில் நின்று சொன்ன மாதிரி, விட்டால் என்ன ஆகும் என்று வந்தது. அவ்வளவுதான். கோபம் இல்லை, வெறுப்பு இல்லை. பிள்ளையை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும், நகம் வெட்டும்போதுகூடக் கை நடுங்கும். பிறகு எப்படி வந்தது? எங்கேயிருந்து வந்தது? உள்ளங்கால் இரண்டும் கூசிப்போய், பிள்ளையை இறுக்கிக்கொண்டு உள்ளே ஓடி, கதவைச் சாத்தி, கட்டிலுக்கும் சுவருக்கும் இடுக்கில் உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து வராண்டாவுக்குப் பிள்ளையோடு போவதில்லை. போகவேண்டி வந்தால் முதுகை வீட்டுச் சுவரில் தேய்த்துக்கொண்டு போவாள். பிள்ளையை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறாள் என்றால், சின்னத் தொடையில் அவள் விரல்கள் சிவப்பாகத் தடம் பதிந்துவிடுகின்றன. "இப்படியாட்டி பிடிப்பாக, அது என்ன கோழியா, பறந்து போறதுக்கு?" என்று அத்தை எண்ணெய் தேய்க்கும்போது ஏசுவாள். நல்லெண்ணெய் வாசத்தில் அந்தச் சிவப்புத் தடங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பாள் பூங்கனி. கை விடாது என்று அந்தத் தடங்கள் சொல்கின்றனவா, கையை நம்பாதே என்று சொல்கின்றனவா என்று தெரியாது. கை என்றால் அவளுக்கு எப்போதும் பெருமைதான் இருந்தது. கோவில்பட்டிப் பக்கம் அவள் பிறந்த ஊரில், பள்ளிக்கூடம் விட்டதும் தீப்பெட்டி ஆபீஸுக்குக் கட்டை அடுக்கப் போனாள். குச்சிகளைக் கட்டையின் பள்ளங்களில் அள்ளிப் போட்டால் விரல் பார்க்காமலே வரிசை பிடிக்கும். கண் எங்கேயோ இருக்கும், மனசு எங்கேயோ இருக்கும், கை தானாக ஓடும். "இவ தூங்கினாலும் இவ கை அடுக்கும்" என்று கணக்கப்பிள்ளைகூடச் சொல்வார். அன்றைக்கு அது பாராட்டு. இப்போது படுக்கும்போதெல்லாம் அந்த வார்த்தைதான் வந்து மேலே உட்காருகிறது. கை தானாக ஓடும். மனசு வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கை தானாக ஓடினால்?

முதல் மாடித் திருப்பம். சுவரில் யாரோ கரியால் ஒரு மீன் வரைந்திருந்தார்கள். அதைத் தாண்டும்போது தொடைச் சதை இழுக்க ஆரம்பிக்கும். குடத்தின் வாயிலிருந்து சளப்பென்று ஒரு கை தண்ணீர் முழங்கையில் விழுந்து விலாவில் இறங்கியது. நன்றாக இருந்தது. இதையும் யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை, தற்செயலாகக் கிடைத்தது. ஒருநாள் நினைப்பு நெஞ்சுக்குள் கட்டெறும்பு மாதிரி ஓடிக்கொண்டிருந்தபோது அத்தைக்கு முடியாமல் போய், இவளே தண்ணீருக்கு இறங்கினாள். மூன்றாம் மாடிக்கு வந்து குடத்தை இறக்கியபோது மூச்சு வாங்கியது, முதுகு நனைந்திருந்தது, கால் நடுங்கியது. உள்ளே துழாவிப் பார்த்தாள். எறும்பு இல்லை. நடுங்குகிற உடம்பைச் சமாளிப்பதற்கே மனசுக்கு நேரம் சரியாக இருந்தது போல. கொஞ்ச நேரந்தான். அந்தக் கொஞ்ச நேரத்தில் பிள்ளையை எடுத்து, சாதாரணத் தாய் மாதிரி, பால் கொடுக்க முடிந்தது. பிறகு அதுவே வழியாகப் போயிற்று. நினைப்பு ஏறினால் இவள் படி இறங்குவாள். தரையைத் தண்ணீர் விட்டுத் தேய்ப்பாள், போர்வையைக் கல்லில் அடித்துத் துவைப்பாள், மறுபடி குடம். "நல்ல மருமக" என்றார்கள் ரெண்டாம் மாடியில். புருஷன் சுடலைமணி உப்பு லாரியோடு போனால் வாரக்கணக்கில் வெளியூர். போனில், "ஒடம்பப் பாத்துக்க, ரொம்ப வேல செய்யாத" என்பான். சரி என்பாள். சொல்ல வந்தது ஒவ்வொரு தடவையும் சரி என்று வெளியே வந்துவிடும். அவனிடம் சொன்னால் என்ன? சொன்னால் வேலம்மா கதைதான். ஊரில், இவள் பாவாடை கட்டிய காலத்தில், பக்கத்துத் தெரு வேலம்மா பிள்ளை பெற்ற பிறகு ஏதோ சொல்லிவிட்டாள். என்ன சொன்னாள் என்று யாரும் சின்னப் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள், காலில் சங்கிலி போட்டார்கள், பிள்ளையை அவள் தங்கச்சி தூக்கிக்கொண்டு போய் வளர்த்தாள். வேலம்மா திரும்பி வந்துவிட்டாள், எல்லாரையும் போலச் சோறு பொங்கினாள், களை எடுத்தாள். ஆனால் அந்தப் பிள்ளை தங்கச்சியைத்தான் அம்மா என்றது. சாயங்காலம் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் வேலம்மா ஒரு வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கூப்பிடமாட்டாள். பார்ப்பாள். அவ்வளவுதான். அந்தக் கண்ணைப் பூங்கனி மறந்திருந்தாள், இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் அது திரும்பி வந்தது.

இரண்டாம் மாடி. இங்கே எப்போதும் பழைய சோற்று வாசம். மூச்சு இப்போது வாய் வழியாக வந்தது. இன்றைக்குக் காலையில் ஒரு தப்பு நடந்துவிட்டது. குளியலறையில் இருக்கும் நீல டிரம் நேற்றே விளிம்பு வரை நிறைந்திருந்தது. வாளிகள், அண்டா, சோறு வடிக்கிற சட்டிகூட நிறைந்திருந்தது. எடுத்து ஊற்ற இடம் இல்லை. விடியும்போது நினைப்பு வந்து நெஞ்சில் ஏறிவிட்டது. இறங்கியாக வேண்டும், இறங்க ஒரு சாக்கு வேண்டும். டிரம்மைச் சாய்த்து, பூனை மாதிரி, சத்தம் வராமல் தண்ணீரைச் சாக்கடைக்கு விட்டாள். உப்புத் தண்ணீர் சுழன்று சுழன்று ஓட்டைக்குள் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றவள் திரும்பினால், கதவருகே அத்தை. பல் தேய்த்த விரல் வாயிலேயே நிற்க, பார்த்துக்கொண்டிருந்தாள்.  பூங்கனி குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். அதிலிருந்து நடந்துகொண்டே இருக்கிறாள். நிறைந்த டிரம்மைக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்புகிறவளைப் பற்றி இந்த வீட்டில் என்ன பேசுவார்கள்? பேசிச் சிரிப்பார்கள். வளைகாப்பு அன்று மாமனாரின் தங்கச்சி, வெற்றிலை வாயோடு, கூட்டத்துக்கு நடுவில் அத்தையைக் காட்டிச் சொன்ன கதை ஞாபகம் வந்தது. "எங்க மதினி இருக்காளே, சுடலை பெறந்த புதுசுல ஒருநா, மத்தியானம் பூரா உலக்க போடுதா. தம்மு தம்முன்னு. என்னத்த மதினி குத்துதன்னு எட்டிப் பாத்தா, உரல்ல ஒரு மணி நெல்லு கெடையாது! வெறும் உரலக் குத்திக்கிட்டு நிக்கா!" கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பூங்கனியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அத்தை மட்டும் சிரிக்கவில்லை, சர்க்கரைப் பொங்கல் அடிபிடிக்கிறது என்று உள்ளே போய்விட்டாள். இனி இந்த டிரம் கதையும் அதே மாதிரி ஒரு விசேஷ வீட்டில் ஓடும். ஓடட்டும். சிரிப்போடு நின்றால் பரவாயில்லை.

மூன்றாம் மாடிக்கு வந்தபோது மாமியார் ராமலட்சுமி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். முகம் கருத்திருந்தது. கீழ்ச் சிரிப்பு மேலே வந்து சேர்ந்துவிட்டது. "குடத்த எறக்கு" என்றாள். பூங்கனி இறக்கினாள். "நான் முறுக்கு கடிக்கேனாக்கும். ரோஸ்லின் கேட்டதுக்கு நீ சிரிச்சியாம். ஏட்டி, நான் ஒன்னத் தண்ணிக்குப் போகச் சொன்னனா?" பூங்கனி தலையாட்டினாள், இல்லை என்று. "வாயத் தொறந்து சொல்லு. நெறைஞ்ச டிரம்மக் கொட்டிட்டு மறுபடி சொமக்க. ஊரு பாக்கணும், மாமியாக்காரி பச்ச ஒடம்புக்காரியப் போட்டு வதைக்கான்னு சொல்லணும். அதுக்குத்தான?" இல்ல அத்த. சொன்னாளா, நினைத்தாளா? அத்தை காத்திருந்தாள், உண்மையிலேயே பதிலுக்காகக் காத்திருந்தாள். கண் ஓரம் ஈரமாக இருந்தது. பூங்கனிக்கு வார்த்தைகள் மறுபடி வரிசையில் வந்தன, முதலில் நிற்கிற வார்த்தை நகரவில்லை, அதற்குப் பின்னால் மற்றவை எல்லாம் முட்டிக்கொண்டு நின்றன. வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு வேலம்மா பார்த்தாள். "சரி. இனிமே தண்ணி நான் எடுக்கேன்" என்ற அத்தை, பிள்ளையை இவள் கையில் திணித்தாள். "நீ ஒரு வேலையும் செய்ய வேண்டாம். இந்தா, பிள்ளைய வச்சிக்கிட்டு வராண்டால நில்லு. சொவரு பக்கத்துல, எல்லாருக்கும் தெரியிற மாதிரி நில்லு. நான் தண்ணி சொமக்கறத ஊரு பாக்கட்டும், நீ நிக்கிறதயும் பாக்கட்டும்." குடத்தை எடுத்துப்போய் டிரம்மில் கவிழ்த்து, வெறுங்குடத்தோடு விறுவிறுவென்று படி இறங்கிப் போய்விட்டாள்.

சுவர் முன்னால் இருந்தது. மேல்விளிம்பில் வெயில் படிந்திருந்தது, யாரோ காயப்போட்ட பாவாடை ஒன்று காற்றில் உப்பி உப்பி அடங்கியது. பூங்கனியின் முதுகு கதவு நிலையில் ஒட்டிக்கொண்டது. பிள்ளை விழித்திருந்தது, அவள் தாலிக்கயிற்றைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டு, காற்றில் ஆடுகிற பாவாடையைப் பார்த்துக் காலை உதைத்தது. குடம் துள்ளாது. இது துள்ளுகிறது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். சாத்தினால் இன்றைக்குத் தப்பிக்கலாம், நாளைக்கும் அத்தை தண்ணீருக்குப் போவாள், நாளைக்கும் நில் என்பாள், தண்ணீர் இல்லை, படி இல்லை, மூச்சு வாங்க ஒன்றும் இல்லை, இவளும் பிள்ளையும் இந்தச் சுவரும் மட்டும் நாள் முழுக்க. கீழே பம்பு சத்தம் ஆரம்பித்தது. கிரீச், களக். கிரீச், களக். விட்டால் என்ன ஆகும் என்றது நினைப்பு. விடமாட்டேன் என்றாள். கை தானாக ஓடும் என்றது. ஓடாது, பார், எப்படிப் பிடித்திருக்கிறேன் பார். அப்படிப் பிடித்தும் நான் வருகிறேனே என்றது. கீழே பம்பு ஒரு தடவை நின்றது, அத்தைக்கு மூச்சு வாங்கியிருக்கும், மறுபடி ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு, அது மேலே போகும்போது மூச்சை உள்ளே இழுத்தாள், கீழே வரும்போது விட்டாள். கால் அசைந்தது. சுவர்ப் பக்கம் அல்ல, படிப் பக்கம். நின்று இறங்கத் தைரியம் வரவில்லை. முதல் படியில் உட்கார்ந்தாள். பிள்ளையை ரெண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, நடக்கத் தெரியாத பிள்ளைகள் இறங்குவது போல், உட்கார்ந்த வாக்கிலேயே ஒவ்வொரு படியாக நழுவி இறங்கினாள். சேலை தூசியானது. ரெண்டாம் மாடிக்காரி கதவைத் திறந்து, "என்னம்மா, விழுந்துட்டியா?" என்றாள். நாலு பேர் பார்த்தால் வாய் வராத பூங்கனிக்கு அன்றைக்கு யார் பார்க்கிறார்கள் என்பதே உறைக்கவில்லை. கரி மீனைத் தாண்டினாள். வெயிலுக்கு வந்ததும் எழுந்து நடந்தாள்.

அத்தை அடித்துக்கொண்டிருந்தாள். முந்தானை இடுப்பில் செருகியிருந்தது, ரவிக்கை முதுகில் ஒட்டியிருந்தது. ரோஸ்லின் அக்கா தள்ளி நின்று தலைச் சும்மாட்டுக்குத் துணி சுருட்டிக்கொண்டிருந்தாள். பூங்கனி பம்பை ஒட்டிப் போய் நின்று, "அத்த, பிள்ளையப் பிடிங்க" என்றாள். "நிக்கச் சொன்னா எறங்கி வந்துட்டியா? ஏன், அங்க என்ன..." "பிடிங்க அத்த." அந்தக் குரலைக் கேட்டு அத்தை கைப்பிடியை விட்டுவிட்டுப் பிள்ளையை வாங்கினாள். கை காலியானதும் வாய் திறந்துகொண்டது. "எனக்கு அங்க நிக்க முடியல. பிள்ளையோட நிக்க முடியல. என் கை விட்டுருமோன்னு நெனப்பு வருது. நான் நெனக்கல அத்த, சத்தியமா நான் நெனக்கல, அதுவா வருது. ராவும் பகலும் வருது. இத அடிச்சா கொஞ்சம் நிக்கு. படி ஏறினா நிக்கு. அதுக்குத்தான் கொட்டினேன். ஊர ஒங்களப் பேச வைக்க இல்ல." பிறகு, மூச்சுக்குக்கூட நிற்காமல், "பிள்ளையப் பிரிச்சிராதிய" என்றாள்.

அத்தை பூங்கனியின் முகத்தைப் பார்த்தாள், பிறகு அவள் கைகளைப் பார்த்தாள், பிறகு பிள்ளையின் தொடையைத் திருப்பி அந்தச் சிவப்புத் தடங்களைக் கட்டைவிரலால் தடவினாள். அவ்வளவு நேரமும் குழாயிலிருந்து ஒரு சொட்டு, ஒரு சொட்டு. "எம்புட்டு நாளா?" என்றாள். "பெறந்த ரெண்டாம் மாசத்துலேருந்து." "யாருட்டயும் சொல்லலயா? சுடலைட்ட?" "இல்ல." அத்தை சுற்றும் முற்றும் பார்க்கவில்லை. சிமெண்டு மேடையில் காலை நீட்டி உட்கார்ந்தாள், பிள்ளையை நீட்டிய காலில் படுக்க வைத்தாள். "பிள்ள இங்கதான் இருக்கும். ஒன் கண்ணு முன்னால. எங்கயும் போவாது" என்றாள். "சாயங்காலம் ஆசுபத்திரிக்குப் போவோம், பிள்ளைக்கு ஊசி போட்ட அந்த நர்ஸம்மாட்டச் சொல்லுவோம். இதுக்கெல்லாம் இப்ப பாக்காக. நானும் வாரேன். ஒனக்கு வாய் வரலன்னா நான் சொல்லுதேன்." பிறகு பம்பைத் தாடையால் காட்டினாள். "இப்ப அடி."

பூங்கனி கைப்பிடியைப் பிடித்தாள். அத்தையின் கைச்சூடு அதில் இன்னும் இருந்தது. கிரீச், களக். கண்ணீர் வந்ததை அவள் துடைக்கவில்லை, துடைத்தால் கை நிற்க வேண்டியிருக்கும். பிள்ளை அத்தையின் காலில் கிடந்து மேலும் கீழும் போகிற இரும்பைக் கண்ணால் தொடர்ந்தது. ஒவ்வொரு தடவை கைப்பிடி கீழே வரும்போதும் இமை தட்டியது. தண்ணீரின் தடித்த குரல் மெலிந்தது, சின்னப் பிள்ளை குரலாயிற்று, நின்றது. குடம் நிறைந்து கழுத்து வழியாக வழிந்து, மேடையெல்லாம் பரவி, ரோஸ்லின் அக்காவின் காலடிக்குப் போயிற்று. "ஏட்டி, நெறைஞ்சிட்டு! கண்ணு தெரியலயா, வழியுது பாரு!" என்று அவள் சேலையைத் தூக்கிக்கொண்டு கத்தினாள். பழக்கத்தில் பூங்கனியின் கை நின்றது.

"வழியட்டும்" என்றாள் ராமலட்சுமி, பிள்ளையின் வாயோரத்து எச்சிலை முந்தானையால் துடைத்துக்கொண்டே, நிமிராமல். "அன்னைக்கு உரல்ல நெல்லு கெடந்ததுன்னா நான் குத்தினேன்? நீ அடி."